பிரதேச சபையால குறைஞ்ச செலவு வீட்டுக்கு என்ன செய்ய ஏலும்? (மட்டக்களப்பு, அம்பாறை)

வாவிக்கரை எழுதியது:

நம்மட பக்கத்தில வீட்டுப் பிரச்சினை காணியிலதான் தொடங்குது. கலியாணம் முடிக்கிற மகளுக்கு வீடு குடுக்கவேணும், அது எழுதாத சட்டம். 20 பேர்ச் (ஒரு பேர்ச் 272 சதுர அடி) வளவு, மூண்டு பொம்புளப் பிள்ளை எண்டு வையுங்க. முன்னுக்குத் தாய் வீடு கடைசிப் பிள்ளைக்கு. பின்னால ரெண்டு துண்டு மற்ற ரெண்டு பேருக்கும். போய்வர 8 அடி ஒழுங்கை 110 அடி நீளத்துக்கு விட்டால் அதுக்கே 3 பேர்ச்சுக்கு மேல போகுது. மிச்சத்தை மூண்டாப் பிரிச்சால் ஆளுக்கு ஐந்தரைப் பேர்ச்.

நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்தின இடத்தில வழமையான ஆகக்குறைஞ்ச துண்டு 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச். அரைப் பேர்ச் குறைஞ்சதால பிரிப்புப் பிளானுக்கு அனுமதி இல்லை. அது இல்லாட்டிக் கட்டிட அனுமதி இல்லை, கட்டிட அனுமதி இல்லாட்டி வங்கிக் கடன் இல்லை. ஆனால் வீடு எழும்பும். நகையை அடகு வைச்சு, வட்டிக்கு எடுத்து, லின்ரல் மட்டத்தில, அதாவது கதவு யன்னலுக்கு மேல வாற உயரத்தில, நிண்டு பாசி பிடிக்கும்.

சபையிட்டக் கேட்டால் "வீடமைப்பு எங்கட வேலை இல்லை, காசும் இல்லை" எண்டு முடிஞ்சுது. சபை வீடு கட்டித் தரவேணும் எண்டு நான் கேக்கல்ல. கையில இருக்கிற அதிகாரத்தையும் வருமானத்தையும் வைச்சு உண்மையா என்ன செய்ய ஏலும்? விசயம் தெரிஞ்சாக்கள் கணக்கோட எழுதுங்க.

சோலைவரிக் கணக்கன் எழுதியது:

"எங்கட வேலை இல்லை" எண்டது சரியான பதில் இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டப்படி ஒவ்வொரு சபையிலயும் இருக்கவேண்டிய குழுக்களில ஒண்டு வீடமைப்பு, சமூக அபிவிருத்திக் குழு. உறுப்பினர் அல்லாதவங்களையும் குழுவில சேர்க்கலாம். கன இடத்தில அது கூட்ட அறிக்கையில மட்டும் உயிரோட இருக்கு, அது வேற கதை.

காசைப் பாப்பம். சம்பளம் பெரும்பாலும் மாகாணத்தில இருந்து மீளளிப்பா வரும். சொந்த வருமானம் எண்டால் சோலைவரி (வீடு, கடைக்குக் கட்டுற ஆதன வரி), கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம். அதோட காணி கைமாறேக்க அறவிடுற முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்துக்கூடா வரும். கடைசி ரெண்டும் பிந்தித்தான் வரும், ஒரே சீராகவும் வராது. அதனால அதை நம்பி மாதச் செலவு வைக்கக் கூடாது. ஆனா ஒருதரம் செய்து முடிக்கிற வேலைக்கு அதுதான் பொருத்தமான காசு. காணி விலை ஏறினால் முத்திரைத் தீர்வை ஏறும். காணி விலை ஏறுறதாலதானே ஏழைக்கு வீடு எட்டாமப் போகுது? அந்தக் காசில ஒரு பங்கை வீட்டுக்குத் திருப்புறது நியாயமும்தான்.

சோலைவரியில ஓட்டை வேற இடத்தில. விலைமதிப்புத் திணைக்களம் புதுசா மதிப்பிடாத இடத்தில மாடி எழும்பின கடையும் பழைய ஓட்டு வீட்டுக் கணக்கிலதான் கட்டுது. வருசத்துக்குரியதை ஜனவரி 31க்குள்ள கட்டினால் நூற்றுக்கு 10 கழிவு எண்டது சட்டத்தில இருக்கு. கட்டாதவனுக்கு எதிரா நடவடிக்கை எடுக்கிறதும் சட்டத்திலதான் இருக்கு. முதலாவதைப் பலகையில எழுதிப் போடுவாங்க.

இப்ப முக்கியமான விசயம். வருமானத்தை அள்ளி ரெண்டு வீடு கட்டிக் குடுத்துப் படம் எடுக்கிறதை விட, சுழல் நிதி வைக்கிறது புத்தி, திரும்பி வாற கடன் காசை மறுகா மற்றவருக்குக் குடுக்கிறது. விளங்குறதுக்காக ஒரு கணக்கு: நிதி ஒரு கோடி ரூபா. ஆளுக்கு 4 இலட்சம், 25 குடும்பம். 5 வருசம், வருசத்துக்கு 4 வீத நேர் வட்டி. ஒருவர் திருப்பிக் கட்டுறது 4 இலட்சத்து 80 ஆயிரம், மாசம் 8,000. 25 பேரும் கட்டினால் மாசம் 2 இலட்சம், ரெண்டு மாசத்துக்கு ஒரு புதுக் குடும்பம். அஞ்சு பேர் கட்டாமல் விட்டால் 1 இலட்சத்து 60 ஆயிரம், ரெண்டரை மாசத்துக்கு ஒரு குடும்பம். பாதிப் பேர் விட்டால் நிதி செத்துப்போகும். தேர்தல் வருசத்தில "கடன் தள்ளுபடி" எண்டு ஒருவர் மேடையில சொன்னால் அடுத்த மாசமே பாதிப் பேர் விடுவாங்க.

அதனால சபை தானே கடன் குடுக்கக் கூடாது. சபை வங்கி இல்லை, வசூலிக்க ஆளும் இல்லை. ஊரில சனச மாதிரிச் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்க பிணை வைப்பா இந்தக் காசைப் போட்டு, சங்கம் தன்ர அங்கத்தவருக்குக் கடன் குடுக்கட்டும். நட்டத்தில ஒரு பங்கை மட்டும் சபை ஏற்கிறதா ஒப்பந்தம். முழு நட்டத்தையும் ஏற்றால் சங்கம் வசூலிக்கப் போகாது, கவனம்.

மட்டு_இளையவன் எழுதியது:

4 இலட்சத்தில வீடு எங்க கட்டுற அண்ணன்? இப்ப அத்திவாரத்துக்கே காணாது.

சோலைவரிக் கணக்கன் எழுதியது:

தம்பி, முழு வீட்டுக்கு இல்லை. நிண்டுபோன வீட்டைக் குடியிருக்கிற நிலைக்குக் கொண்டுவர. கூரை, இல்லாட்டி மலசலகூடமும் ஒரு அறையும். ஊரில அரைகுறையா நிக்கிற வீட்டை எண்ணிப் பாருங்க, புது வீட்டை விட அதுதான் மலிஞ்ச வீடு.

மட்டக்கோல் எழுதியது:

கடன் பிறகு. முதல்ல காணியை வீடு கட்டுற காணியாக்கவேணும், அங்கதான் சபையின்ர உண்மையான பலம் இருக்கு. ஒழுங்கை, வடிகான், மலக்கழிவு, பிளான் அனுமதி. இந்த நாலும் சபையைத் தாண்டிப் போகாது.

ஒரு ஹெக்டெயரை எடுங்க. அது 395 பேர்ச். பிரிக்கிற காணி ஒரு ஹெக்டெயருக்கு மேல போனால் நூற்றுக்கு 10 பொதுத் தேவைக்கு விடவேணும், ஏறக்குறைய 40 பேர்ச். பாதையும் கானும் கால்வாசி, 99 பேர்ச். மிச்சம் 256. 8 பேர்ச் துண்டு எண்டால் 32 குடும்பம். காணி யாவாரி என்ன செய்யிறான் எண்டால், ஒரு ஹெக்டெயருக்குக் கொஞ்சம் குறைய வாற மாதிரி ரெண்டு பிளான் போட்டு, ரெண்டு பேரில, ரெண்டு மாச இடைவெளியில அனுமதி எடுக்கிறான். 10 வீதம் பறந்துபோகும். திட்டமிடல் குழுவில ஆராவது பழைய பிளானையும் மேசையில விரிச்சுப் பாத்தால் பிடிபடும். பாக்கிறாங்களா?

அந்த 10 வீதத்தில வீடு கட்டலாம் எண்டு ஆராவது சொல்ல வரவேணாம். அது திறந்த வெளிக்கு. மழைத்தண்ணி நிக்கிற இடமும் அதுதான். அதையும் மூடினால் மார்கழியில தண்ணி வீட்டுக்குள்ள.

அடுத்தது நிரப்புறது. 6 பேர்ச் துண்டு 1,633 சதுர அடி. 2 அடி உயர்த்த 3,267 கன அடி, அதாவது 33 கியூப். அமுங்கிறதுக்கு அஞ்சில ஒரு பங்கு கூட்டினால் 40 கியூப் வரும். 3 கியூப் ரிப்பரில 13 லோட். இதில ஏழை முடிஞ்சான். அதுக்குப் பதிலா வீடு நிக்கிற இடத்தை மட்டும் சுத்திவர 3 அடி விட்டு உயர்த்தினால், 22க்கு 25 அடி வீட்டுக்கு 28க்கு 31 அடி மேடை, 7 லோட்டில முடியும். பாதிச் செலவு. முழு வளவையும் உயர்த்துறவன் தன்ர தண்ணியைப் பக்கத்து வளவுக்குத் தள்ளுறான். மறுகா அவன் உயர்த்துவான், அவனுக்குப் பக்கத்தில உள்ளவன் உயர்த்துவான், கடைசியில ஒழுங்கை வாய்க்கால் ஆகும். கட்டிட அனுமதியில தரைமட்டத்தை எழுதிக் குடுத்தாலே இந்தப் போட்டி நிக்கும். சபைக்குச் செலவு ஒரு வரி மை.

சுனாமிக்குப் பிறகு குடியேற்றின இடங்களில, திராய்மடு மாதிரித் தாழ்ந்த நிலத்தில, தண்ணி ஓடுற வழியை வீட்டுக்கு முதல்ல யோசிக்கவேணும். 2011 ஜனவரி வெள்ளம் படிப்பிச்ச பாடம் அது. கான் வெட்டி, போக்கு வைச்சு, மட்டம் எடுத்து, பிறகுதான் துண்டு பிரிக்கிறது. நம்ம ஆக்கள் துண்டு பிரிச்சு, வீடு கட்டி, பிறகு கானுக்கு இடம் தேடுவாங்க.

பவுசர் எழுதியது:

மட்டக்கோல் மலக்கழிவைச் சொல்லிட்டு விரிக்காமப் போயிட்டார். நம்ம மணல் தரையில அதுதான் எல்லாத்தையும் கெடுக்கும்.

கிணத்துக்கும் மலத்தொட்டித் தண்ணி விடுற ஊறுகுழிக்கும் இடையில 50 அடி வேணும் எண்டு பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுவார். 6 பேர்ச் துண்டு 33க்கு 50 அடி. உங்கட கிணத்தை ஒரு மூலையிலயும் குழியை எதிர் மூலையிலயும் வைச்சு உங்கட 50 அடியைக் காட்டலாம். பக்கத்து வீட்டுக் கிணறு? பின் வளவுக் குழி? சுத்திவர நாலு துண்டிலயும் கிணறும் குழியும் இருந்தால் ஒருத்தராலயும் 50 அடி காட்ட ஏலாது. இது ஆற்ற பிழையும் இல்லை, பரப்பு அவ்வளவுதான்.

வழி ரெண்டு. ஒண்டு, குழாய்த் தண்ணி. உன்னிச்சையில இருந்து வாற திட்டக் குழாய் ஒழுங்கைக்கு வந்துட்டால் கிணத்துத் தண்ணியைக் குடிக்கத் தேவையில்லை. 6 பேர்ச்சுக்குக் கீழ பிரிக்க அனுமதி கேக்கிற இடத்தில "குழாய் இணைப்பு வந்த பிறகுதான்" எண்டு நிபந்தனை போடலாம். மற்றது, நாலு வீட்டுக்கு ஒரு மலத்தொட்டி. நாலு தனித்தனித் தொட்டியை விட மலிவு, குழியையும் கிணறுகளுக்குத் தூரத்தில ஒரு மூலைக்குக் கொண்டு போகலாம். ஆனா தொட்டி ஆற்ற காணியில எண்டது பிளானிலயும் உறுதியிலயும் இருக்கவேணும். இல்லாட்டிப் பத்து வருசத்தில காணி கைமாறும், புதுச் சொந்தக்காரர் தொட்டிக்கு மேல குசினி கட்டுவார்.

மார்கழி, தையில நிலத்தடித் தண்ணி மேல வந்தால் ஊறுகுழி ஊறாது, திரும்பி ஏறும். அந்த இடத்தில குழியை ஆழமாக்கிறது வீண்வேலை, ஆழமாக்கினால் தண்ணிக்குள்ளதான் போய் நிப்பீங்க. தரைக்கு மேல மணலும் சல்லியும் போட்டு உயர்த்தின படுக்கைக்குள்ள விடவேணும்.

ஒழுங்கையின்ர அகலம் இங்கயும் வரும். தொட்டி மூண்டு தொடக்கம் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா இழுபடவேணும். 8 அடி ஒழுங்கைக்குள்ள கழிவு இழுக்கிற பவுசர் லொறி திரும்பாது. 10 அடி விட்டு, தொட்டியின்ர மூடியை ஒழுங்கைப் பக்கம் வைச்சால் குழாய் எட்டும். வாவிக்கரை சொன்ன வளவில அந்த 2 அடி 110 அடி நீளத்துக்கு 220 சதுர அடி, ஒரு பேர்ச்சுக்கும் குறைவு. ஆனா அந்த ஒரு பேர்ச்சுக்காகச் சகோதரிகள் முகம் பாக்காமப் போறாங்க, தெரியும்.

வாவிக்கரை எழுதியது:

அப்ப ஐந்தரைப் பேர்ச்சுக்கு வழியே இல்லையா?

மட்டக்கோல் எழுதியது:

இருக்கு. தனிய ஒரு ஆள் போய் "அரைப் பேர்ச் விட்டுக் குடுங்க" எண்டால் நடக்காது, நடக்கவும் கூடாது. ஒரு ஒழுங்கையைச் சேர்ந்த பத்து, பதினைஞ்சு வளவை ஒண்டாச் சேர்த்து, கூட்டுத் தொட்டி, குழாய்த் தண்ணி, 10 அடிப் பாதை எல்லாம் ஒரே பிளானில காட்டி, குறைந்த வருமான வீடமைப்புக்கான விசேட திட்டமாச் சபை தீர்மானம் எடுத்து அதிகார சபைக்கு அனுப்பலாம். புதுசா ஒண்டும் இல்லை. 1980களில பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில கொழும்பில ஏழைகள் நெருக்கமா இருக்கிற தோட்டங்களில 2 பேர்ச் துண்டு வரைக்கும் இந்த வழியில விட்டுக் குடுத்தாங்க. அங்க வீட்டை விட, வடிகானும் பாதையும் அங்க இருக்கிற சனமே சேர்ந்த சமூக அபிவிருத்திச் சபையின்ர ஒப்பந்தத்தில நடந்ததுதான் பாக்கவேண்டிய விசயம்.

இங்கயும் கானும் ஒழுங்கையும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ ஒப்பந்தமாக் குடுக்கலாம். இலாபம் ஊருக்குள்ள நிக்கும். பிழைக்கிற இடம் அளவு எடுக்கிறது: சங்கத் தலைவரும் ரீ.ஓ.வும் (சபையின்ர தொழில்நுட்ப உத்தியோகத்தர்) மட்டும் ரேப் பிடிச்சால் கானின்ர அடிக் கொங்கிறீற்று மெலியும். அளவுப் புத்தகத்தின்ர பிரதியைச் சங்கக் கட்டிடத்தில ஒட்டிவிட்டால் பாதி சரி.

குண்டுநூல் எழுதியது:

வீட்டு வேலையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கல்ல, நான் எழுதுறன்.

550 சதுர அடி எண்டது இந்திய வீட்டுத் திட்டத்தால நம்மட பக்கம் பழகின அளவு. அதில வீட்டுக்காரரே கட்டுற முறை, புது வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம், கட்டம் கட்டமாக் காசு. முறை நல்லது. எங்க பிழைச்சுது எண்டால், அத்திவாரக் காசு கைக்கு வந்த உடன "பிள்ளைக்குத்தானே, கொஞ்சம் பெருசாப் போடுவம்" எண்டு 800 அடிக்கு அத்திவாரம் போட்டது. அத்திவாரம் பெருத்தால் சுவர், கூரை எல்லாம் பெருக்கும், காசு பெருக்காது. மிச்சம் கடன். சபை திட்டம் செய்தால், நூல் கட்டின நாளே ரீ.ஓ. வந்து அளந்து கையெழுத்து வைச்ச பிறகுதான் கிடங்கு வெட்டவேணும். வெட்டின பிறகு வந்து ஆரும் ஒண்டும் பண்ண ஏலாது.

22க்கு 25 அடி வீட்டுக்குச் சுத்துச் சுவர் 94 அடி, உள்ளுக்கு 44 அடி, 9 அடி உயரம். கதவு, யன்னல் கழிச்சால் ஏறக்குறைய 1,090 சதுர அடிச் சுவர். 16க்கு 8 அங்குலச் சீமெந்துக் கல் நூறு சதுர அடிக்கு 112 போகும். உடையிறதையும் சேர்த்து 1,300 கல்லு. லின்ரல் மட்டத்தில சுத்துச் சுவர், உள் சுவர் எல்லாத்திலயும் ஓடுற 6க்கு 8 அங்குலக் கொங்கிறீற்று வளையத்துக்கு நாலு 10 மில்லிமீற்றர் கம்பி, 20 அடிக் கம்பி 31. சீமெந்து எட்டு, ஒன்பது பக்கெற்றுத்தான். இந்த வளையத்தைத்தான் மிச்சம் பிடிக்கப் பாக்கிறாங்க, யன்னலுக்கு மேல மட்டும் துண்டு துண்டா லின்ரல் வைச்சுப்போட்டு. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊரில அது செய்யக் கூடாத வேலை. கூரைக்குக் கீழயும் கொங்கிறீற்றுப் பட்டி ஒண்டு போட்டு, கொங்கிறீற்று போடேக்கயே 12 மில்லிமீற்றர் போல்ற்றைப் புதைச்சு, சுவர்மேல் மரத்தை இறுக்கவேணும். பிறகு ஓட்டை போட்டு அடிக்கிற ஆணி காத்தில கழண்டு வரும்.

கடற்கரைப் பக்கம் ரெண்டு எச்சரிக்கை. கடல் மணல் கழுவாமல் வேணாம். வாவியோரக் கிணத்தில உப்புத்தண்ணி எண்டால் அதில கொங்கிறீற்றும் குழைக்க வேணாம். ஏழெட்டு வருசத்தில கம்பி ஊதி, வளையத்தில நீட்டு வெடிப்பு வரும். முகத்துக்குச் சாந்து பூசி மறைக்கலாம், உள்ளுக்கு ஓடுற துருவை மறைக்க ஏலாது.

காசுக் கட்டம் நாலு: அத்திவாரம், லின்ரல், கூரை, மிச்ச வேலை. மலசலகூடத்தை நாலாவதில வைக்காதீங்க. அதுக்கு வரேக்க காசு முடிஞ்சிருக்கும். ரெண்டாவதில வையுங்க, அது முடியாட்டி மூண்டாவது காசு இல்லை எண்டு எழுதுங்க. காலமும் முக்கியம். மாசியில தண்ணி வத்தினதும் அத்திவாரம், புரட்டாதிக்குள்ள கூரை. ஆவணியில முதல் கட்டக் காசு வந்தால் அந்தத் திட்டம் மழைக்குள்ளதான் நிக்கும். கந்தோர் நடைமுறையில காசு பெரும்பாலும் ஆவணியிலதான் வரும்.

காத்தான்குடி நானா எழுதியது:

நீங்க எல்லாம் எட்டுப் பேர்ச், பத்துப் பேர்ச் எண்டு கதைக்கிறீங்க. எங்கட ஊரில பிரிக்க மிச்சம் இல்ல தம்பி. கல்முனை, சாய்ந்தமருது கரையும் அப்படித்தான். மேலால போறதைத் தவிர வழி இல்ல. நகர சபை தன்ர பழைய சந்தை, கடைக் கட்டிடத்துக்கு மேல ரெண்டு மாடி வீடு கட்டினால் கீழ்க் கடை வாடகை மேல் வீட்டுக்குத் தாங்கும். ஏன் செய்யக் கூடாது?

சோலைவரிக் கணக்கன் எழுதியது:

செய்யலாம் நானா, பழைய கட்டிடத்துக்கு மேல இல்லை. அதின்ர தூண் ரெண்டு மாடியைத் தாங்கும் எண்டு கட்டமைப்பு எந்திரி எழுதிக் குடுக்காமல் ஒரு கல்லும் ஏத்தக் கூடாது. புதுசாக் கட்டினால், கட்டுறதுக்கு உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியத்தில மாகாண அனுமதியோட கடன் எடுக்க வழி இருக்கு. அந்தக் கடன் உள்ளூராட்சி சபைகளுக்கெண்டே உள்ளது.

மாடி வீட்டில கட்டுற செலவை விடப் பராமரிப்புத்தான் ஆளைக் கொல்லும். வித்துப்போட்டால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டப்படி வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் வேணும். தண்ணிப் பம்பு, படிக்கட்டு லைட், கூரை ஒழுக்கு எல்லாத்துக்கும் மாசக் கட்டணம். முதல் வருசம் எல்லாரும் கட்டுவாங்க. பம்பு எரிஞ்சு போற வருசம் கீழ் வீட்டுக்காரர் "எனக்குத் தண்ணி தானா வருது" எண்டு விடுவார். விக்காமல் வாடகைக்குக் குடுத்து, கடை வாடகையில நூற்றுக்கு இவ்வளவு எண்டு பராமரிப்புக் கணக்கில தனியாப் போடுறதுதான் தாங்கும். அப்ப சபை வாடகையை மூண்டு வருசத்துக்கு ஒருக்கா ஏத்தவும் வேணும். பதினைஞ்சு வருசப் பழைய வாடகையில எத்தினை சபைக் கடை ஓடுது எண்டு உங்களுக்கே தெரியும்.

கல்லாறு_07 எழுதியது:

பயனாளி தெரிவைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில சவூதி உதவியில கட்டின 500 வீடு, ஆருக்குக் குடுக்கிறது எண்ட வழக்கால வருசக்கணக்காப் பூட்டிக் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். சிறு திட்டத்திலயும் இதே வருத்தந்தான். புள்ளி முறையைக் காசு வர முன்னம் சபைத் தீர்மானமா எடுத்து ஒட்டவேணும், வந்த பிறகு இல்லை. அதோட இன்னார் பேரில காணி எண்டதையும் பாக்கவேணும். நம்மட வழக்கத்தில வீடு பொம்புளைக்கு, ஆனா அரச காணிப் பெர்மிட் கன இடத்தில தகப்பன்ர பேரில. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில ஆண் பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையை 2022 திருத்தம் எடுத்துப்போட்டுது. பின்னுரித்தாளரா மகளைப் போட டீ.எஸ். ஒபிசில (பிரதேச செயலகத்தில) பதிஞ்ச பிறகு மேசனைக் கூப்பிடுங்க. ஆனா பெர்மிட்டைத் துண்டாக்கிறது வேற விண்ணப்பம். பெர்மிட்டில ஆகக்குறைஞ்ச துண்டு அளவு எழுதியிருக்கும், அதுக்குக் கீழ பிரிக்க விடமாட்டாங்க.

மட்டு_இளையவன் எழுதியது:

2023 மார்ச்சில சபை கலைஞ்சு 2025 தேர்தல் வரைக்கும் செயலாளர்தானே நடத்தினவங்க. இப்ப சபை இருக்கு. வட்டார உறுப்பினரிட்ட எதைக் கேட்டுப் போறது? வீடு கேட்டால் சிரிப்பாங்க.

மட்டக்கோல் எழுதியது:

வீடு கேக்காதீங்க. உங்கட ஒழுங்கையில எத்தினை வளவு, எத்தினை கிணறு, எத்தினை குழி, எத்தினை அரைகுறை வீடு எண்டு ஒரு வெள்ளைத்தாளில கீறிக்கொண்டு போங்க. ஐப்பசிக்கு முன்னம் போங்க, அடுத்த வருசப் பாதீட்டில வரவேணும் எண்டால். கேக்கவேண்டியது ரெண்டு: அந்த ஒழுங்கைக்கு மட்டம் எடுத்து வடிகான் மதிப்பீடு, வீடமைப்புக் குழுவின்ர அடுத்த கூட்டத் திகதி.

பவுசர் எழுதியது:

கிணத்துக்கும் குழிக்கும் உள்ள தூரத்தையும் அந்தத் தாளில அடியில எழுதுங்க. "கிட்ட" எண்டு எழுதினால் ஆரும் பாக்கமாட்டாங்க, "17 அடி" எண்டு எழுதினால் பீ.எச்.ஐ. வந்து நிப்பார்.